செல்போன் சிக்னல் இல்லாத இடத்தில் வாக்கி டாக்கி வழியே எழுத்துச் செய்தி: முழுமையான வழிகாட்டி

சாதாரண வாக்கி டாக்கிக்கு ஒலியைத் தவிர வேறெதுவும் தெரியாது. எழுத்தை அனுப்ப வேண்டுமென்றால் அதை ஒலியாக்கித்தான் கொடுக்க வேண்டும். நீங்கள் தட்டச்சு செய்ததைப் போனில் உள்ள ஆப் ஏறக்குறைய ஒரு விநாடி நீளமுள்ள கரகரப்பான ஒலியாக மாற்றும். ரேடியோ அதையும் பேச்சைப் போலவே ஒலிபரப்பும். மறுமுனையில் இன்னொரு ரேடியோவின் ஸ்பீக்கரிலிருந்து வரும் அந்த ஒலியைக் கேட்டு, அங்குள்ள போன் திரும்ப எழுத்தாக்கும். சிம் கார்டோ இணையமோ வைஃபையோ இதில் எங்கும் இல்லை.

செய்தி போய்ச் சேரவில்லை என்றதும் புதியவர்கள் ஆப்பின் அமைப்புகளைக் குடைய ஆரம்பிக்கிறார்கள். கோளாறு பெரும்பாலும் அங்கே இருக்காது. ஒன்று, ஒலியின் தொடக்கம் வெட்டுப்பட்டிருக்கும். இல்லையென்றால் சத்தம் கூடிப்போய் ஒலி சிதைந்திருக்கும். கீழே உள்ள படிகள் இந்த இரண்டையும் ஒவ்வொன்றாகக் களையும் வரிசையில் வைக்கப்பட்டுள்ளன. ஒரு படி சரியாக வராமல் அடுத்ததற்குத் தாவாதீர்கள். தாவினால் கோளாறு எங்கே என்று பிரித்தறிய முடியாமல் போகும்.

லோரா (குறைந்த சக்தியில் தொலைதூரம் எட்டும் ரேடியோ முறை) வகைச் சிறு கருவிகளும் எழுத்துச் செய்தி அனுப்பும். அவை தனி வன்பொருள், தனி அலைவரிசை. ஏற்கெனவே கையில் இருக்கும் குரல் ரேடியோவைக் கொண்டு செய்வது மட்டுமே இங்கே.

## 1. முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டியவை

- ஒரே அலைவரிசையில் பேசக்கூடிய இரண்டு கைப்பிடி ரேடியோக்கள். ஒரே மாடலாக இருந்தால் ஒலி அளவைச் சரிசெய்வது எளிது, கட்டாயமில்லை.
- இரண்டு ஆண்ட்ராய்டு போன்கள். பழைய போன் போதும். மைக்கும் ஸ்பீக்கரும் நன்றாக வேலை செய்ய வேண்டும், அவ்வளவுதான்.
- ராட்டில்கிராம் என்ற இலவச ஆப், இரண்டு போனிலும்.
- போனுக்கு ஒரு பவர் பேங்க். செய்தியை எதிர்பார்க்கும்போது திரை எரிந்துகொண்டே இருக்கும் என்பதால் சார்ஜ் வேகமாக இறங்கும்.
- பிறகு தேவைப்பட்டால், போனையும் ரேடியோவையும் இணைக்கும் ஆடியோ கேபிள்கள். இப்போது வாங்க வேண்டாம்.

கேபிளைத் தள்ளிப்போடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. போன் ஸ்பீக்கரை ரேடியோ மைக்குக்கு நேராகப் பிடித்தாலே இந்த முறை வேலை செய்யும். முதல் நாளே கேபிளைச் செருகினால் கேபிளின் கோளாறா, ரேடியோவின் கோளாறா, ஆப்பின் கோளாறா என்று தெரியாமல் மூன்றோடும் ஒரே நேரத்தில் மல்லுக்கட்ட வேண்டிவரும்.

ஆப்பைச் சிக்னல் இருக்கும் இடத்திலேயே நிறுவி, ஒருமுறை திறந்து, மைக் அனுமதி கொடுத்துவிடுங்கள். மலையேறிய பிறகு ஆப் இல்லை என்று கண்டுபிடிப்பவர்கள் ஒவ்வொரு குழுவிலும் ஒருவராவது இருக்கிறார்கள்.

## 2. எந்த அலைவரிசை, யாருக்கு அனுமதி

அமெச்சூர் அலைவரிசைகளில் (‘ஹாம்’ ரேடியோ ஆர்வலர்களுக்கு ஒதுக்கப்பட்டவை) ஒலிபரப்ப உரிமம் வேண்டும். அனுப்பும் ஒவ்வொருவரும் தம் அழைப்புக்குறியை, அதாவது உரிமத்தோடு கிடைக்கும் அடையாளக் குறியை, அறிவிக்க வேண்டும். ராட்டில்கிராமின் அமைப்பில் அழைப்புக்குறியைப் பதிந்துவிட்டால் ஒவ்வொரு செய்தியோடும் அதுவே போய்விடும். 9 எழுத்து வரை இடம் உண்டு. பொருளை மறைக்கும் குறியாக்கத்துக்கு அமெச்சூர் அலைவரிசைகளில் பொதுவாக அனுமதி இல்லை. ஆகவே அனுப்புவதை யாரும் படிக்கலாம் என்று வைத்துக்கொண்டே எழுதுங்கள்.

உரிமம் தேவைப்படாத பொது வாக்கி டாக்கி அலைவரிசைகளில் குரலுக்கு உள்ள அனுமதி டேட்டாவுக்கும் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அமெரிக்காவில் இப்படிப்பட்ட பொது வாக்கி டாக்கிகளுக்கான எஃப்ஆர்எஸ் விதிகளை எடுத்துக்கொண்டால், ஒரு டேட்டா ஒலிபரப்பு 1 விநாடியைத் தாண்டக்கூடாது, 30 விநாடிக்கு ஒன்றுக்கு மேல் கூடாது. கீழே 6-ஆம் படியில் வரும் ‘முன் இரைச்சல்’ சேர்ந்தாலே அந்த 1 விநாடி தாண்டிவிடும். உங்கள் நாட்டின் விதியைப் படித்த பிறகே சேனலைத் தேர்ந்தெடுங்கள்.

ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கித் திரும்ப ஒலிபரப்பும் இடைநிலையம்) வழியாக முயல்வதும் ஆரம்பத்தில் வேண்டாம். ரிப்பீட்டர் திறக்கும் தாமதம் ஒலியின் தொடக்கத்தை விழுங்கும்; மற்றவர்களின் பேச்சுக்கும் இடையூறு. நேரடிச் சேனல் ஒன்றில் தொடங்குங்கள்.

## 3. ரேடியோ இல்லாமல் முதல் சோதனை

இரண்டு போன்களையும் ஒரு மேசையில் அரை மீட்டர் இடைவெளியில் வையுங்கள். ரேடியோக்கள் அணைந்தே இருக்கட்டும். ஒரு போனிலிருந்து ‘சோதனை 1’ என்று அனுப்புங்கள். மற்றதில் எழுத்து தோன்ற வேண்டும். பிறகு திசையை மாற்றி அனுப்புங்கள்.

இரண்டு திசையிலும் ஐந்துக்கு ஐந்து வரும்வரை ரேடியோவைத் தொடாதீர்கள். இங்கே வராத செய்தி ரேடியோ வழியாக ஒருநாளும் வராது.

வரவில்லை என்றால் பார்க்க வேண்டியவை சிலவே. புளூடூத் இயர்போன் இணைந்திருந்தால் ஒலி அதற்குள் போய்விடும்; துண்டியுங்கள். போனில் ‘சரவுண்ட்’, ‘பேஸ் பூஸ்ட்’, ஈக்வலைசர் போன்ற ஒலி அலங்காரங்கள் இருந்தால் அணையுங்கள். இசைக்கு இனிமை சேர்ப்பவை டேட்டாவைக் கெடுக்கும். பெறும் போன் இரைச்சலை நீக்குகிறேன் என்று செய்தியையே நீக்கிவிடுவதும் உண்டு, ஏனென்றால் இந்த ஒலி இரைச்சல் போலவேதான் இருக்கும். ராட்டில்கிராமில் ஒலி மூலத்தைத் தேர்ந்தெடுக்கும் இடம் உண்டு. அங்கே எந்தத் திருத்தமும் செய்யாத மூலத்தைப் போன் அனுமதித்தால் அதையே வையுங்கள்.

அறிவிப்பு ஒலிகளையும் இப்போதே நிறுத்திவிடுங்கள். ‘தொந்தரவு செய்யாதே’ நிலை போதும். ரேடியோவில் பேச அழுத்தும் பிடிடி பொத்தானை அழுத்தியிருக்கும்போது அலாரம் அடித்தால் அதுவும் ஒலிபரப்பாகும்.

## 4. ரேடியோவில் அணைக்க வேண்டிய வசதிகள்

குரலுக்கு வசதியாக வைக்கப்பட்ட பல அம்சங்கள் டேட்டாவுக்கு எதிரி. அவற்றை இரண்டு ரேடியோவிலும் ஒரே மாதிரி அமையுங்கள். மெனு எண்கள் பாவ்ஃபெங் யூவி-5ஆர் ரேடியோவுக்கானவை. வேறு மாடலில் எண் மாறும், பெயர் ஏறக்குறைய இதுவேதான்.

பேட்டரி சேமிப்பு (மெனு 3): அணையுங்கள். இது இயங்கும்போது, பெறும் ரேடியோ விட்டுவிட்டுத் தூங்கி விழிக்கும். பேச்சில் முதல் அசை போனால் யாரும் கவனிப்பதில்லை. டேட்டாவில் முதல் கால் விநாடி போனால் முழுச் செய்தியும் போயிற்று.

இரட்டைக் கண்காணிப்பு (மெனு 7): அணையுங்கள். இரண்டு சேனல்களுக்கிடையே தாவிக்கொண்டிருக்கும் ரேடியோ, உங்கள் ஒலி தொடங்கும்போது மற்றச் சேனலில் இருக்கக்கூடும்.

டோன்கள் (மெனு 10 முதல் 13 வரை), அதாவது தம் குழுவின் ஒலிபரப்புக்கு மட்டும் ஸ்பீக்கர் திறக்கப் பேச்சோடு சேர்த்து அனுப்பும் அடையாளங்கள்: நான்கையும் அணையுங்கள். தாழ்ந்த டோன் டேட்டாவைக் கெடுப்பதில்லை. ஆனால் டோனை அடையாளம் கண்டு ஸ்பீக்கரைத் திறக்க ரேடியோ சற்று நேரம் எடுக்கும். வெட்டுப்பட்ட தொடக்கத்துக்கு இன்னொரு காரணம் இது.

பேசி முடித்ததும் ஒலிக்கும் ரோஜர் பீப் (மெனு 39), பிடிடி அழுத்தும்போது அல்லது விடும்போது அடையாள ஒலி அனுப்பும் பிடிடி அடையாளம் (மெனு 19), பொத்தான் ஒலி (மெனு 8): மூன்றும் வேண்டாம்.

அகல, குறுகல் பட்டை (மெனு 5): இரண்டு ரேடியோவிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று அகலத்திலும் மற்றது குறுகலிலும் இருந்தால் ஒரு திசையில் ஒலி மெலிந்தும், மறுதிசையில் உடைந்தும் வரும். ‘எனக்கு வருகிறது, அவருக்குப் போகவில்லை’ என்ற புகார் எழுந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதையே.

ஸ்குவெல்ச் (மெனு 0), அதாவது சிக்னல் இல்லாதபோது ஸ்பீக்கரை மூடி வைக்கும் வசதி: 1-இல் வையுங்கள். கூட்டி வைத்தால் மெலிந்த சிக்னலுக்கு ஸ்பீக்கர் திறக்காது. 0-இல் வைத்தால் இடைவிடாத இரைச்சல் வரும். ஆப்புக்கு அது தடையில்லை, கேட்பவருக்குத்தான் தலைவலி. தூரம் கூடி ஸ்குவெல்ச் திறந்து மூடிக்கொண்டிருந்தால் மட்டும் 0-க்கு இறக்குங்கள்.

சேனலில் ஆளிருந்தால் ஒலிபரப்பைத் தடுக்கும் வசதி (மெனு 23) ஒன்று உண்டு. மோதலைத் தவிர்க்கும் என்று தோன்றும். ஆனால் உங்கள் செய்தி போகாததை நீங்கள் கவனிக்காமல் விட்டுவிடவும் அதுவே வழி செய்யும். அணைத்துவிட்டு, சேனலில் யாராவது பேசும்போது எரியும் ரேடியோ விளக்கை அனுப்புமுன் கண்ணால் பார்ப்பது நல்லது.

கடைசியாக ஒலிபரப்புச் சக்தி (மெனு 2): சோதனை முடியும்வரை குறைந்த நிலையில் வையுங்கள். காரணம் அடுத்த படியில்.

## 5. முதலில் குரல் சுத்தமாகக் கேட்க வேண்டும்

இரண்டு ரேடியோவையும் குறைந்தது 10 மீட்டர் தள்ளி, முடிந்தால் வெவ்வேறு அறையில் வைத்துப் பேசிப் பாருங்கள். ஒரே மேசையில் வைத்து முழுச் சக்தியில் சோதிப்பது மிகப் பரவலான தவறு. அவ்வளவு அருகில் சிக்னல் மிகப் பலமாக இருப்பதால் பெறும் ரேடியோ திணறி, ஒலி சிதையும். ஊளைச் சத்தமும் சேரும். ஒரு கிலோமீட்டரில் அழகாக வேலை செய்யும் அமைப்பு ஒரு மீட்டரில் தோற்கும்.

ஒருவர் 1 முதல் 10 வரை சாதாரணக் குரலில் எண்ணட்டும். மற்றவருக்கு எல்லா எண்ணும் இரைச்சலின்றிக் கேட்க வேண்டும். ‘ஒன்று’ என்பதில் ‘ஒ’ காணாமல் போகிறதா என்று குறிப்பாகக் கேளுங்கள். போனால், 4-ஆம் படியில் ஏதோ ஒன்று இன்னும் அணையவில்லை.

## 6. கேபிள் இல்லாமல் முதல் செய்தி

அனுப்பும் பக்கத்தில் போனின் வால்யூமைப் பாதிக்கு வையுங்கள். போன் ஸ்பீக்கரின் துளைகள் எங்கே என்று பாருங்கள். பெரும்பாலும் கீழ் விளிம்பில் இருக்கும். ரேடியோவில் மைக் என்பது முன்பக்கத்தில் உள்ள ஒரு குண்டூசித் துளை. ஸ்பீக்கர் கிரில்லை மைக் என்று நினைத்துப் போனை அதன்மேல் ஒட்டிப் பிடிப்பவர்கள் நிறையப் பேர். துளைக்கும் போன் ஸ்பீக்கருக்கும் இடையே 3 முதல் 5 சென்டிமீட்டர் இருக்கட்டும்.

பெறும் பக்கத்தில் ரேடியோவின் வால்யூம் பாதிக்குச் சற்று மேல், போனின் மைக் ரேடியோ ஸ்பீக்கருக்கு எதிரே, ஒரு சாண் தொலைவில். ஆப் திறந்து, திரை எரிந்துகொண்டிருக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 9 முதல், பின்னணிக்குப் போய்ச் சும்மா கிடக்கும் ஆப்புக்கு மைக் கிடைக்காது. போனைப் பூட்டிச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, செய்தி வரவில்லை என்று சொல்லிப் பயனில்லை.

இனி அனுப்பும் வரிசை:

1. செய்தியை முழுதாகத் தட்டச்சு செய்து வைத்துக்கொள்ளுங்கள். ஒலிபரப்பிக்கொண்டே எழுதக் கூடாது.
2. ரேடியோ விளக்கைப் பாருங்கள். சேனலில் யாரும் இல்லையென்றால் பிடிடி பொத்தானை அழுத்துங்கள்.
3. அழுத்தியபடி ஒரு விநாடி சும்மா இருங்கள்.
4. ஆப்பில் அனுப்பு என்பதைத் தட்டுங்கள்.
5. ஒலி முழுதாக முடிந்த பின் இன்னும் அரை விநாடி பொறுத்து, பொத்தானை விடுங்கள்.

மூன்றாவது வரிதான் உயிர்நாடி. பொத்தானை அழுத்தியதும் உங்கள் ரேடியோ முழுச் சக்திக்கு வர ஒரு நொடிப்பொழுது, மறுமுனையில் ஸ்குவெல்ச் திறக்க இன்னொரு நொடிப்பொழுது ஆகும். செய்தி ஒலியின் தொடக்கத்தில்தான், ‘இங்கே தொடங்குகிறது, இவர் அனுப்புகிறார்’ என்ற தகவல் இருக்கிறது. அது வெட்டுப்பட்டால் மீதி ஒலி எவ்வளவு தெளிவாக வந்தாலும் ஆப்புக்கு அது வெறும் இரைச்சல்.

கை இதற்குப் பழகவில்லை என்றால், செய்திக்கு முன் கால் விநாடி முதல் சில விநாடிகள்வரை வெறும் இரைச்சலை (‘முன் இரைச்சல்’) ஓடவிடும் அமைப்பு ராட்டில்கிராமில் உண்டு. வெட்டுப்படுவது அந்த இரைச்சலாகப் போகட்டும். கையால் பிடிடி அழுத்தும்போது அரை விநாடி போதும்.

## 7. ஒலி அளவைக் கண்டுபிடிப்பது

அதிக நேரம் செலவிட வேண்டிய படி இது. குறைவாகச் செலவிடப்படுவதும் இதுவே.

வால்யூமைக் கூட்டினால் செய்தி தெளிவாகப் போகும் என்பது இயல்பான எண்ணம். இந்த வாக்கி டாக்கிகள் பயன்படுத்தும் எஃப்எம் முறையில் அது தலைகீழ். மைக்குக்குள் போகும் ஒலி ஓர் அளவைத் தாண்டியதும், பக்கத்துச் சேனலுக்குப் பரவாமலிருக்க ரேடியோ அதன் உச்சிகளை நறுக்கிவிடும். பேச்சில் உச்சி நறுக்கப்பட்டால் கொஞ்சம் கரகரக்கும், பொருள் கெடாது. ராட்டில்கிராம் ஒலியோ 1,600 ஹெர்ட்ஸ் அகலத்துக்குள் பல மெல்லிய அலைகளை ஒரே நேரத்தில் சேர்த்து அனுப்புவது. அவை ஒன்றுசேரும் இடங்களில் உச்சிகள் உயரமாக எழும். அந்த உச்சிகளை நறுக்கினால் ஒவ்வொரு அலையின் சேதமும் மற்றவற்றின்மேல் சிதறும். ஆகவே காதுக்குச் ‘சற்றுக் குறைவோ’ என்று தோன்றும் அளவே பெரும்பாலும் சரியான அளவு.

கண்டுபிடிக்கும் முறை: பெறும் பக்கத்தை மாற்றாமல் வையுங்கள். அனுப்பும் போனின் வால்யூமை மூன்றில் ஒரு பங்கில் தொடங்கி, ஒவ்வொரு படியிலும் ஐந்து முறை அதே செய்தியை அனுப்புங்கள். எத்தனை வந்தது என்று தாளில் குறியுங்கள். குறைந்த வால்யூமில் எதுவும் வராது; பிறகு ஐந்தும் வரும் பகுதி; அதற்கு மேல் போனால் மீண்டும் தவற ஆரம்பிக்கும். ஐந்தும் வரும் பகுதியின் நடுவில் வையுங்கள், விளிம்பில் வேண்டாம். அடுத்து, அனுப்பும் பக்கத்தை அசைக்காமல் பெறும் ரேடியோவின் வால்யூமுக்கு இதையே செய்யுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் திருகினால் பலன் எதனால் என்று தெரியாது.

கிடைத்த இரண்டு அளவையும் ஒரு ஒட்டுத்தாளில் எழுதி ரேடியோவின் முதுகில் ஒட்டிவிடுங்கள். வால்யூம் குமிழில் பேனாவால் ஒரு புள்ளி வைப்பது இன்னும் நல்லது. இருட்டில் டார்ச் வெளிச்சத்திலும் தெரியும்.

காற்று வீசும் இடத்தில் ரேடியோ மைக்குத் துளையில் காற்று மோதும் ஒலி செய்தியைவிடப் பெரிதாகிவிடும். முதுகைக் காற்றுக்குக் கொடுத்து நின்று, போனையும் ரேடியோவையும் இரு உள்ளங்கைக்குள் பொத்திப் பிடித்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

## 8. கேபிளுக்கு மாறும்போது

காற்று, மழை, கூட்டம் ஆகியவற்றுக்கிடையே அடிக்கடி அனுப்ப வேண்டுமென்றால் கேபிள் தேவை. இரண்டு முள் கொண்ட கென்வுட் வகைச் செருகி (ஒன்று 2.5, மற்றது 3.5 மில்லிமீட்டர்) ஒரு முனையிலும், நான்கு பட்டை கொண்ட 3.5 மில்லிமீட்டர் செருகி மறுமுனையிலும் உள்ள ஆயத்தக் கேபிளை வாங்குங்கள். ஒலி அளவைக் குறைக்கும் மின்தடைகள் உள்ளே இருக்க வேண்டும். ரேடியோவின் ஸ்பீக்கர் வெளியீடு போன் மைக் எதிர்பார்ப்பதைவிடப் பல மடங்கு பலமானது. இரண்டையும் வெறும் கம்பியால் சேர்த்தால் ஒலி நசுங்கி எதுவும் வாசிக்கப்படாது.

போனில் ஆடியோ துளை இல்லையென்றால் யூஎஸ்பி-சி மாற்றி வேண்டும். மைக்கையும் ஆதரிக்கும் மாற்றியாக இருக்க வேண்டும். பாட்டு கேட்க மட்டும் உதவுபவை ஏராளம். செருகியதும் போன் மைக்கோடு கூடிய ஹெட்செட்டாக அதை ஏற்கிறதா என்று பாருங்கள். வெறும் ஹெட்போன் என்று எடுத்துக்கொண்டால் போன் தன் சொந்த மைக்கையே கேட்டுக்கொண்டிருக்கும். சோதிக்க எளிய வழி: போனின் மைக்கை விரலால் தட்டுங்கள். ஆப்பின் ஒலி அளவுக் காட்டி துள்ளினால் கேபிள் மைக் இணையவில்லை.

இரண்டு முள் செருகி கடைசிவரை உள்ளே போக வேண்டும். ரேடியோவின் ரப்பர் உறை ஒரு மில்லிமீட்டர் தடுத்தாலும் ஒலி ஒரு திசையில் மட்டும் வேலை செய்யும். சில நேரம் ரேடியோ தானாகவே ஒலிபரப்பத் தொடங்கிவிடும்.

கேபிளோடு பிடிடி பொத்தானை அழுத்துவதற்குப் பதில் வாக்ஸ் (மெனு 4) பயன்படும். ஒலி வந்ததும் ரேடியோ தானே ஒலிபரப்பத் தொடங்கும். ஒலியைக் கேட்டபின் முடிவெடுப்பதால் தொடக்கம் கட்டாயம் வெட்டுப்படும். ஆகவே முன் இரைச்சலை 1 விநாடிக்கு உயர்த்துங்கள். வாக்ஸ் தூண்டப்படாவிட்டால் போன் வால்யூமைக் கூட்டுமுன் வாக்ஸ் நிலையை மாற்றிப் பாருங்கள். போன் வால்யூம் 7-ஆம் படியின் சோதனைக்குக் கட்டுப்பட்டது. வாக்ஸுக்காக அதைக் கெடுக்காதீர்கள். கேபிளுக்கு அந்தச் சோதனையைப் புதிதாகச் செய்ய வேண்டும், ஸ்பீக்கருக்குக் கிடைத்த அளவு இதற்குப் பொருந்தாது.

ஒலி முடிந்த பிறகும் வாக்ஸ் சிறிது நேரம் ஒலிபரப்பைப் பிடித்து வைத்திருக்கும். அந்த நேரத்தில் மறுமுனை பதில் அனுப்பினால் உங்களுக்குக் கேட்காது. செய்தி கிடைத்ததும் மூன்று விநாடி பொறுத்துப் பதில் அனுப்புவது என்று இரு பக்கமும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கேபிள் வந்தபின் தோன்றும் புதுக் கோளாறு ஒன்று: சக்தியைக் கூட்டியதும் ரேடியோவின் சொந்த அலை கேபிளுக்குள் புகுந்து, ஒலியில் ‘ர்ர்ர்’ என்ற ரீங்காரம் சேரும். சில நேரம் ஒலிபரப்பு நிற்கவே நிற்காது. குறைந்த சக்தியில் ஒழுங்காகப் போய், அதிக சக்தியில் மட்டும் தோற்றால் காரணம் இதுவே. கேபிளை ஆன்டெனாவிலிருந்து விலக்குங்கள், போன் அருகே கேபிளில் ஒரு ஃபெரைட் வளையம் (ரேடியோ அலை கேபிள் வழியே நுழைவதைத் தடுக்கும் காந்தப்பொருள் வளையம்) மாட்டுங்கள்.

## 9. 170 பைட்டுக்குள் தமிழ்

ராட்டில்கிராம் ஒரு செய்திக்கு 170 பைட்வரை ஏற்கும். ஆங்கில எழுத்து, எண், இடைவெளி, புள்ளி ஒவ்வொன்றும் 1 பைட். தமிழில் ஒவ்வொரு யூனிகோட் குறியும் 3 பைட். இதில் கவனிக்க வேண்டியது, நம் கண்ணுக்கு ஒரே எழுத்தாகத் தெரிவது பலநேரம் இரண்டு குறிகள். ‘க’ 3 பைட். ‘க்’, ‘கி’, ‘கொ’ ஒவ்வொன்றும் 6 பைட். ‘வணக்கம்’ என்ற ஒரு சொல்லே 21 பைட்.

‘மூவரும் நலம். பாலம் அருகே காத்திருக்கிறோம்.’ என்ற செய்தியில் 21 எழுத்துகள். பைட் கணக்கில் 117. இதே நீளத்தில் இன்னொன்றையும் சேர்த்தால் ஒரு செய்தியில் அடங்காது.

செய்தி எவ்வளவு நீளமோ அதற்கேற்ப ஆப் தன் பிழைத்திருத்தத்தை மாற்றிக்கொள்கிறது. 85 பைட்டுக்குள் இருந்தால் திருத்தும் திறன் மிக அதிகம், 128-க்குள் நடுத்தரம், அதற்கு மேல் குறைவு. ஒலியின் நீளம் மாறுவதில்லை. உள்ளடக்கம் குறையக் குறைய மீதி இடம் பாதுகாப்புக்குப் போகிறது. சிக்னல் மெலிந்த இடத்தில் நீண்ட செய்தி இரண்டு முறை தவறினால், அதையே மூன்றாம் முறை அனுப்பாமல் 85 பைட்டுக்குச் சுருக்குங்கள். தமிழில் அது 28 குறிகள், ஏறக்குறைய இரண்டு மூன்று சொற்கள். போதவில்லையா? ஆங்கில எழுத்தில் தமிழை எழுதுங்கள். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் 85 எழுத்து கிடைக்கும். எமோஜி ஒன்று 4 பைட்டோ அதற்கு மேலோ தின்னும்; கீபோர்டு தானாகப் போடும் வளைந்த மேற்கோள் குறியும் 3 பைட்.

இருப்பிடத்தை அனுப்ப, தசம வடிவில் புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம் போதும். அது ஏறக்குறைய 11 மீட்டர் துல்லியம் தரும், 20 பைட்டுக்குள் முடியும். போனின் ஜிபிஎஸ் செல்போன் சிக்னல் இல்லாமலும் வேலை செய்யும். முதல் முறை இடத்தைப் பிடிக்கச் சில நிமிடம் திறந்த வானத்தடியில் நிற்க வேண்டிவரும்.

## 10. போய்ச் சேர்ந்ததா என்று எப்படித் தெரியும்

ராட்டில்கிராமில் பெறுநர் முகவரி இல்லை, ‘நீல டிக்’ போன்ற ஒப்புதலும் இல்லை. கேட்கும் எல்லோருக்கும் செய்தி வரும். வந்ததா என்பது அனுப்பியவருக்குத் தெரியாது. அதை நீங்களே செய்தியின் வடிவத்தில் கட்டிக்கொள்ள வேண்டும்.

யாருக்கு, வரிசை எண், விஷயம் என்ற ஒழுங்கில் எழுதுங்கள். உதாரணமாக ‘முகாம் 07: நீர் தேவை’. பெற்றவர் ‘07 சரி’ என்று மட்டும் திருப்பி அனுப்பட்டும். 30 விநாடியில் ‘சரி’ வராவிட்டால் அதே எண்ணோடு மறுபடி அனுப்புங்கள். எண் மாறாததால் பெறுபவர் இதை இரண்டாவது கோரிக்கை என்று குழப்பிக்கொள்ள மாட்டார். மூன்று முறைக்குப் பின் நிறுத்தி இடத்தை மாற்றுங்கள்.

நாள் முழுவதும் ரேடியோவையும் போன் திரையையும் எரியவிட முடியாது. நேரம் குறித்துக்கொள்வதே வழி: ஒவ்வொரு மணியின் தொடக்கத்திலும் ஐந்து நிமிடம் இரு பக்கமும் திறந்திருக்கும், மற்ற நேரம் அணைந்திருக்கும். ஒரு பக்கம் 0-ஆவது நிமிடத்தில் அனுப்பும், மற்றது 2-ஆவது நிமிடத்தில். இரண்டு பேரும் ஒரே நொடியில் பொத்தானை அழுத்தினால் இருவருக்குமே மற்றவரது ஒலி கேட்காது. அப்படி நடந்தது என்றுகூடத் தெரியாது.

## 11. ஏபிஆர்எஸ் எப்போது தேவைப்படும்

தானாக ஒப்புதல் வேண்டும், பெயர் குறித்து அனுப்ப வேண்டும், இடையிலுள்ள நிலையங்கள் செய்தியைக் கடத்த வேண்டும் என்றால், அமெச்சூர் ரேடியோவில் செய்தியும் இருப்பிடமும் அனுப்பும் ஏபிஆர்எஸ் முறையின் பக்கம் போகலாம். ஏபிஆர்எஸ்டிராய்டு ஆப்பில் ஆடியோ இணைப்பைத் தேர்ந்தெடுத்தால் மேலே சொன்ன அதே கேபிள் போதும். இது 1,200, 2,200 ஹெர்ட்ஸ் என்ற இரண்டு டோன்களில் விநாடிக்கு 1,200 பிட் வேகத்தில் பேசும். ஒப்புதல் வராவிட்டால் தானே திரும்ப அனுப்பும்.

குறைகளும் உண்டு. செய்தி 67 எழுத்துக்குள் முடிய வேண்டும். தமிழ் எழுத்தை நம்பி இறங்க வேண்டாம். பிழைத்திருத்தம் இல்லை: ஒரே ஒரு பிட் கெட்டாலும் முழுச் செய்தியும் தூக்கி எறியப்படும். ஆகவே குரல் சுத்தமாகக் கேட்கும் இடத்தில்தான் இது ஓடும். ஒரே அழைப்புக்குறியை இரண்டு கருவியில் வைத்தால் 0 முதல் 15 வரையுள்ள துணை எண் இரண்டுக்கும் வேறாக இருக்க வேண்டும். இன்னொன்று, இந்த ஆப் இருப்பிடத்தையும் ஒலிபரப்பும். அது வேண்டாம் என்றால் தொடங்குமுன் அந்த அமைப்பைப் பாருங்கள். இரண்டு பேருக்கிடையே சில செய்திகள் மட்டும் என்றால் ராட்டில்கிராமே குறைந்த தொல்லை.

## 12. செய்தி வராதபோது எங்கே பார்ப்பது

ரேடியோ ஸ்பீக்கரில் ஒலியே கேட்கவில்லை: ஆப்பைத் தொடாதீர்கள். குரலில் பேசிப் பாருங்கள். சேனல், டோன், ஸ்குவெல்ச், பேட்டரி என்ற வரிசையில் சரிபாருங்கள்.

ஒலி கேட்கிறது, ஆப் அசையவே இல்லை: தொடக்கம் வெட்டுப்பட்டிருக்கிறது, அல்லது போனின் மைக் இந்த ஒலியைக் கேட்கவில்லை. பொத்தானை அழுத்தியபின் இரண்டு விநாடி பொறுத்து அனுப்பிப் பாருங்கள். அப்போதும் இல்லையென்றால் ஆப் முன்னால் திறந்திருக்கிறதா, மைக் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள்.

அழைப்புக்குறி தோன்றுகிறது, செய்தி தோன்றவில்லை: இது நல்ல அறிகுறி. தொடக்கம் சரியாக வந்துவிட்டது, உடல்தான் சிதைந்திருக்கிறது. அனுப்பும் வால்யூமைக் குறையுங்கள். பலனில்லையென்றால் செய்தியைச் சுருக்குங்கள். பொத்தானைச் சீக்கிரம் விட்டுவிட்டீர்களா என்றும் யோசியுங்கள்.

அருகில் வந்தது, தூரத்தில் வரவில்லை: இப்போதுதான் சக்தியைக் கூட்ட வேண்டும். அதற்கும் முன் ஆன்டெனாவைச் செங்குத்தாக நிறுத்தி, இடுப்பிலிருந்து தலைக்கு மேல் உயர்த்துங்கள். உடம்பு அலையைத் தடுக்கும். மேட்டில் ஏறுவது சக்தியை இரட்டிப்பாக்குவதைவிடப் பயன் தரும்.

ஒரு இடத்தில் மட்டும் பிடிவாதமாக வரவில்லை: பாறை, கட்டடம் ஆகியவற்றில் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றையொன்று அழிக்கும் புள்ளியில் நிற்கிறீர்கள். 145 மெகாஹெர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் ஏறக்குறைய 2 மீட்டர், 435-இல் 70 சென்டிமீட்டர். அரை மீட்டர் பக்கவாட்டில் நகர்ந்து, ரேடியோவை அசைக்காமல் பிடித்து மறுபடி அனுப்புங்கள். நடந்துகொண்டே அனுப்பினால் அந்த ஒரு விநாடிக்குள்ளேயே சிக்னல் ஏறி இறங்கும், நின்று அனுப்புங்கள்.